பற்றாக்குறையை மறைத்த அறிவுரை

2020 பிப்ரவரி 29 அன்று, அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரான ஜெரோம் ஆடம்ஸ், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துமாறு ட்விட்டரில் மக்களைக் கேட்டுக்கொண்டார். பொதுமக்களுக்குக் கொரோனா தொற்றாமல் தடுப்பதில் அதற்குப் பயனில்லை என்றவர், மருத்துவப் பணியாளர்களுக்கு அது கிடைக்காமல் போனால் எல்லோருக்கும் ஆபத்து என்றும் சேர்த்தார். தாதியைக் காக்கும் கவசம் அவரிடம் வரும் நோயாளியை மட்டும் எப்படிக் காக்காமல் போகும்? ஏப்ரல் 3 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வெளியே செல்வோர் துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்ல ஜூன் 5 வரை எடுத்துக்கொண்டது.

அறிவியல் வளர வளர அறிவுரை மாறியது என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அதில் பாதி உண்மை. அறிகுறி இல்லாதவர்களும் பரப்புகிறார்கள் என்பது அந்த வாரங்களில்தான் உறுதிப்பட்டது. ஃப்ளூ காய்ச்சலை வைத்து முன்பு நடந்த ஆய்வுகளும் தெளிவான விடை தரவில்லை. ஆனால் 'பயன் இன்னும் நிரூபணமாகவில்லை' என்பது வேறு, 'பயனில்லை' என்பது வேறு. கையிருப்பு போதாது என்ற கவலை அந்த அறிவுரைக்குப் பின்னால் இருந்ததை அமெரிக்க அரசின் தொற்றுநோய் வல்லுநராக இருந்த அந்தோணி ஃபௌசியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதை அன்றே நேராகச் சொல்லியிருக்கலாம். மக்கள் புரிந்துகொண்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

சரி, முகக்கவசம் உண்மையில் எவ்வளவு உதவியது? டென்மார்க்கில் சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வில், கவசம் அணியும்படி சொல்லப்பட்டவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. அணிந்தவருக்குக் கிடைக்கும் காப்பை மட்டுமே அது அளந்தது. அவரிடமிருந்து பிறருக்குப் பரவாமல் தடுப்பதை அளக்கவில்லை. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வு இன்னும் கனமானது. அங்கே இலவசமாகக் கொடுத்து, எடுத்துச் சொல்லி, அணிவோரை 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்தினார்கள். அறிகுறியோடு கூடிய தொற்று ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. பாதிப் பேர்கூட அணியாத ஊர்களில் கிடைத்த பலன் இது. அறுவைச் சிகிச்சைக் கவசம் கொடுத்த ஊர்களில், 60 வயதைக் கடந்தவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. துணிக்கவசத்துக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வைக் காட்டி, முகக்கவசமே வீண் என்று பலர் முழங்கினார்கள். அந்த வாசிப்பு தவறு, ஆய்வின் முடிவுகள் எப்பக்கமும் உறுதியற்றவை என்று காக்ரேனின் தலைமை ஆசிரியரே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

என் தீர்ப்பு இது: நெரிசலான, காற்றோட்டமில்லாத அறைக்குள், முகத்தோடு பொருந்தும் நல்ல கவசத்தை அணியச் சொன்ன அறிவுரை சரியானது. ஆளில்லாத கடற்கரையிலும் பூங்காவிலும் அதையே கட்டாயமாக்கியதற்குச் சான்று இல்லை. எந்தத் துணியானாலும் போதும் என்ற எண்ணத்தை நீடிக்க விட்டது தொடக்கத்தில் 'பயனில்லை' என்று சொன்ன தவறைவிடப் பெரியது. தளர்வாக நெய்த துணி மிகக் குறைந்த காப்பையே தரும், என்-95 வகைக் கவசம் மிக அதிகக் காப்பைத் தரும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெளிவாக எழுதியது 2022 ஜனவரியில்தான். என்-95 தட்டுப்பாடு தீர்ந்து பல மாதங்களுக்குப் பிறகும், முதியவர்கள் துணியை நம்பியே கடைக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்தார்கள்.