பெயரில்லாத முகம்

ஓர் ஓவியத்தின் மதிப்பை அளக்க மூன்று கோல்கள் வழக்கத்தில் உள்ளன: விமர்சகரின் தீர்ப்பு, மக்களின் விருப்பம், ஏலக்கூடத்தில் எழும் விலை. விளாதிமிர் திரெச்சிகோவ் தீட்டிய ‘சீனப் பெண்’ என்னும் ஓவியத்தை இம்மூன்றாலும் அளந்துவிட்டார்கள். ஆயினும் மூன்றுக்கும் தப்பியது ஒன்றுண்டு.

இன்றைய கஜகஸ்தானிலுள்ள பெத்ரோபாவ்ல் நகரில் 1913இல் பிறந்த திரெச்சிகோவ், ஹார்பின், ஷாங்காய், சிங்கப்பூர் என அலைந்து, போர்க்காலத்தை ஜாவாவில் கழித்து, 1946இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குடியேறியவர். அங்கே சலவைக் கடையொன்றில் வேலை பார்த்த சீன வமிசத்து இளம்பெண் ஒருவரை எதிரே அமர்த்தி, 1952ஆம் ஆண்டளவில் இதனைத் தீட்டினார்.

பொன்மஞ்சள் ஆடை, கருங்கூந்தல், செக்கச் சிவந்த இதழ்கள். முகமோ நீலம் கலந்த பச்சை. முகமும் கழுத்துப் பட்டையும் நிறைவு பெற்றிருக்க, ஆடையின் கீழ்ப்பகுதி வெறுங்கோடுகளாய் நின்றுவிடுகிறது. கண்கள் நம்மைப் பாராமல் தாழ்ந்திருக்கின்றன.

விமர்சகர்கள் இதனை மலிவான அலங்காரம் என்று இகழ்ந்தனர். மக்களோ அச்சுப்படிகளை வாங்கித் தம் வீட்டுச் சுவர்களில் மாட்டினர். மூல ஓவியம் 2013 மார்ச்சில் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 9,82,050 பவுண்டுக்கு விலைபோயிற்று. அமர்ந்த பெண்ணுக்கு அன்று கிடைத்த கூலி சுமார் 6 பவுண்டு.

முகத்துக்குப் பச்சை பூசுவது குற்றமா? அன்று. 1905இல் மத்தீஸ் தம் மனைவியின் முகத்தில், நெற்றி தொடங்கி மூக்கின் வழியே ஒரு பச்சைப் பட்டையை இழுத்தார். ஆனால், அப்பச்சைக்கு அங்கே ஒரு பணி இருக்கிறது. முகத்தின் ஒளிப்பக்கத்தையும் நிழற்பக்கத்தையும் அது பிரித்து நிறுத்துகிறது. அப்பெண்மணி நம்மை நேராக நோக்குகிறார்; நிறத்தை மீறி ஒரு மனுஷி தெரிகிறார். திரெச்சிகோவின் பச்சையோ முகம் முழுவதையும் மூடி, மனுஷியை மறைத்து ‘கீழைநாட்டு மர்மம்’ என்னும் பழைய கற்பனையை நிறுத்துகிறது. வண்ணத் திறமை மெய்யானது, மறுப்பதற்கில்லை. எனினும், அத்திறமை ஒரு வகைமாதிரியைத்தான் படைத்தது.

காலத்தையும் கருத வேண்டும். மக்களை இன வாரியாகப் பதிவுசெய்யும் சட்டமும், குடியிருப்புகளை இன வாரியாகப் பிரிக்கும் சட்டமும் 1950இல் இயற்றப்பட்ட நாடு அது. வெள்ளையர் வீட்டுச் சுவரில் சீனப் பெண்ணின் படம் தொங்கலாம். வெள்ளையருக்கென ஒதுக்கிய தெருவில் அவர் வீடு கொள்ளச் சட்டம் இடந்தராது. ஓவியரை இனவெறியர் என்று நான் சொல்லவில்லை. கீழைநாடுகளில் வாழ்ந்து, அவற்றின் அழகில் தோய்ந்தவர் அவர். ஆயினும், பெயரை நீக்கி இனத்தை மட்டும் தலைப்பில் நிறுத்தும் வழக்கம் அந்தச் சட்டங்களுக்கு எவ்வளவு இசைவாக அமைந்துவிட்டது!

எனவே, விமர்சகர் சொன்ன குறையன்று என் குறை. அவர்கள் இகழ்ந்தது மக்களின் சுவையை. கூடத்தில் ஓர் அழகிய முகம் வேண்டுமென்று விரும்பிய எளிய குடும்பத்தை இகழ எவருக்கும் உரிமையில்லை. குறை ஓவியத்திலேயே இருக்கிறது: உலகம் முழுவதும் அறிந்த முகத்தை, யாருடையதென்று அது சொல்லவில்லை.

சலவைக் கடையில் பாடுபட்ட அந்தப் பெண்ணின் பெயர் மோனிகா சிங் லீ. ஓவியத்தின் தலைப்பு சொல்லாததை, அதைக் காணும் நாமாவது சொல்லிப் பழகுவோம்.