மழையில் தேடுவது சுலபம்

மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் (2015) இளம் ஜோடியைவிட எனக்குப் பிடித்தது வீட்டுக்கார ஜோடி. அல்ஸைமர் வந்த பாடகி பவானியாக லீலா சாம்ஸன், கணவராக பிரகாஷ்ராஜ். பவானி வழி தவறுகிறார், மழையில் தேடுகிறார்கள், காதலர்கள் சேர்கிறார்கள். மறதி, கல்யாணத் தரகர் வேலை பார்க்கிறது!

பிளெஸ்ஸியின் 'தன்மாத்ரா' (2005) இன்னும் நேர்மை. மோகன்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாவதை விலாவாரியாகக் காட்டியது. (கேரள அரசு 2014-ல் டிமென்ஷியாவுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. சினிமாவால் என்று சொல்ல மாட்டேன்.)

இரண்டிலும் கவனிக்க வீட்டில் ஆள் இருக்கிறது. கதையைத் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் வையுங்கள். பிள்ளைகள் பெங்களூரில், திருப்பூரில். பாட்டி ஆட்டை மறந்துவிட்டு வந்தால், 'வயசாச்சு, புத்தி தடுமாறுது.' டயக்னோஸிஸ் முடிந்தது. டாக்டரிடமே போனாலும், எழுது, கழி என்கிற பரீட்சை பள்ளிக்கூடமே போகாதவருக்கு என்ன சொல்லும்? படிக்காதவரையும் நியாயமாகச் சோதிக்க '10/66' என்ற ஆய்வுக் குழு ஒரு முறை கண்டுபிடித்து 2003-ல் வெளியிட்டது. சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் ஆராய்ந்தவர்கள். வேலூர் ஒன்றும் அமெரிக்காவில் இல்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில். வீட்டுக்கே வந்து பிரஷர், ஷுகர் பார்க்கிறார்கள். அவை கட்டுக்குள் இருந்தால் டிமென்ஷியா அபாயமும் குறையும். அதே திண்ணையில், 'போன வாரம் சந்தையில என்ன வாங்கினீங்க பாட்டி?' என்று கேட்க எத்தனை நிமிஷமாகும்? பதில் தடுமாறினால் எங்கே அனுப்புவது என்பதுதான் சிக்கல். அதற்கு ஆய்வாளர்களும் ஆஸ்பத்திரியும் அரசும் முன்பே கலந்து பேசியிருக்க வேண்டும்.

இதை யாராவது படமாக எடுங்கள். பாட்டி கிடைத்ததும் 'வணக்கம்' போடாமல், மறுநாள் காலை யார் குளிப்பாட்டுகிறார் என்பதையும் காட்டுங்கள்.