ஸ்டூடியோவுக்குள் சுருங்கிய செய்தி

ரஷ்யாவின் சுதந்திரத் தொலைக்காட்சியைப் போற்றி எழுதுகிறவர்கள் இரண்டு காட்சிகளை விடுவதே இல்லை. 2022 மார்ச் 3 அன்று, டிவி ரெயின் என்று உலகம் அறிந்த தோஷ்த் சேனலின் ஊழியர்கள் போர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரலையிலிருந்து எழுந்து போனார்கள். அடுத்துத் திரையில் ‘ஸ்வான் லேக்’ பாலே ஓடியது. மார்ச் 14 அன்று அரசின் முதல் சேனலில், இரவுச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் அதே சேனலின் ஊழியர் மரீனா ஓவ்சியான்னிகோவா போர் எதிர்ப்புப் பதாகையோடு வந்து நின்றார். சிறைக்குத் துணிந்தவர்கள்தான் இப்படிச் செய்ய முடியும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் காட்சிகளைக் காட்டி, சுதந்திரத் தொலைக்காட்சி என்றால் இதுதான் என்று வாதாடுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சேனலின் துணிச்சலுக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம். அது என்ன செய்தி கொண்டுவந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அரசு சேனல்களின் பலம் தெரிந்ததுதான். பணம் இருக்கிறது, திறமையான தொழில்நுட்பக்காரர்கள் இருக்கிறார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலை 2003இல் விளாதிமிர் போர்த்கோ தொடராக எடுத்து ஒளிபரப்பியதும் அரசு சேனல்தான். நாடு முழுவதும் இலவசமாகக் கிடைக்கும் டிஜிட்டல் தொகுப்பின் 20 சேனல்களும் தேசிய சேனல்கள். மாஸ்கோவின் குரல் எந்தக் கிராமத்துக்கும் போய்விடும். தோஷ்த்தின் பலமும் சிறியதல்ல. 2011 டிசம்பரில் தேர்தல் மோசடியை எதிர்த்து மாஸ்கோவில் திரண்ட கூட்டத்தை அதுதான் விடாமல் காட்டியது. 2014இல் கேபிள் நிறுவனங்கள் கைவிட்டபோது நேயர்களின் சந்தாவில் பிழைத்துக்கொண்டது.

என் ஆட்சேபம் வேறு, பழையது. அரசு சேனல்கள் செய்தியை ஸ்டூடியோ விவாதமாக மாற்றின. சலவ்யோவின் நிகழ்ச்சி, ஸ்கபேயவாவின் ‘60 நிமிடங்கள்’ எதைப் பார்த்தாலும் வட்டமாக நின்றுகொண்டு கத்தும் ஆட்கள்தான். களத்திலிருந்து வருவது அந்தக் கத்தலுக்குத் தீனியாகும் துண்டுப் படங்கள் மட்டுமே. இதற்கு மாற்றாக வந்தவர்களும் ஸ்டூடியோவைத்தான் நம்பினார்கள். கத்தல் இல்லை, பொய் இல்லை, விருந்தினர்கள் படித்தவர்கள். ஆனாலும் மாலை முழுக்க ஓடுவது கருத்துதான். புதின் என்ன நினைக்கிறார், கிரெம்ளினில் யார் கை ஓங்குகிறது என்று அரசியல் ஆய்வாளர் ஒருவர் மாற்றி ஒருவர் பேசுகிறார்கள். சிறு நகரத்து மருத்துவமனையில் மருந்து இருக்கிறதா, எந்தத் தெருவுக்குச் சவப்பெட்டி வந்தது என்பதற்கு அங்கே இடம் குறைவு.

ரஷ்யத் தொலைக்காட்சி எப்போதும் இப்படி இருந்ததில்லை. தனியார் சேனலான என்.டி.வி. பேர் வாங்கியதே முதல் செச்சென் போரில், செய்தியாளர்களைக் களத்துக்கு அனுப்பித்தான். அதே என்.டி.வி. 1996 தேர்தலில் யெல்த்சின் பக்கம் சாய்ந்து, அதன் தலைவர் மலஷென்கோவே பிரசாரக் குழுவில் சேர்ந்த கதையும் உண்டு. 2001 ஏப்ரலில் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் அதைக் கைப்பற்றியபோது, முதலாளியின் சண்டை என்று பலர் ஒதுங்கி நின்றதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம்.

எனக்கு இதில் முக்கியமான பெயர் என்.டி.வி.யும் அல்ல, தோஷ்த்தும் அல்ல. சைபீரியாவில் தோம்ஸ்க் நகரின் டிவி-2. சோவியத் ஒன்றியம் உடைந்த 1991இல் தொடங்கிய உள்ளூர் சேனல் அது. ஊர்ச் செய்திதான் அதன் பிழைப்பு. அதை ஒழித்த விதத்தைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் கோபுரத்தில் அலைவரிசையைக் கொண்டுபோகும் வடம் பழுதானது. சரிசெய்ய வேண்டிய அரசு ஒளிபரப்பு நிறுவனம் வாரக்கணக்கில் இழுத்தடித்தது. ஒளிபரப்பு நின்றதையே குற்றமாக்கி, உரிமத்தில் கைவைப்போம் என்று ஊடகக் கண்காணிப்பு அமைப்பு மிரட்டியது. அந்த ஆண்டு முடிவோடு வான்வழி ஒளிபரப்பு போயிற்று. 2015 பிப்ரவரியில் கேபிளும் போயிற்று. சைபீரியக் குளிரில் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சேனலுக்காகத் தெருவுக்கு வந்தார்கள். தங்கள் தெருவைக் காட்டிய சேனல் என்பதால் வந்தார்கள். மாஸ்கோ விவாதங்களுக்காக யாரும் அங்கே அப்படி வந்து நின்றிருக்க மாட்டார்கள்.

இதே டிவி-2 செய்தியாளர்கள் மூவர்தான் 2012 மே 9 வெற்றி நாளில் ‘அழியாப் படையணி’ ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் போன தாத்தாவின் படத்தை ஒவ்வொரு குடும்பமும் கையில் ஏந்தி நடக்க வேண்டும், கட்சிக்கும் அதிகாரிக்கும் அதில் இடமில்லை என்பது ஏற்பாடு. மூன்றே ஆண்டில் அரசு அதை எடுத்துக்கொண்டது. 2015இல் புதினே தந்தையின் படத்தோடு மாஸ்கோவில் நடந்தார். மக்களின் வீட்டுக்குள் இருந்த ஒன்றைக் கண்டெடுத்த சேனலுக்கு வான்வழியும் கேபிளும் இல்லாமல் போன அதே ஆண்டு அது. உலகம் இதற்காக எவ்வளவு வருந்தியது? தோஷ்த்துக்காக எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட எழுதவில்லை.

2022இல் ரஷ்யாவை விட்டு லாத்வியாவுக்குப் போன தோஷ்த் போன்ற சேனலால் களத்துக்கு எப்படிப் போக முடியும் என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் ஊர்ச் செய்தியைத் தேடிப் போகாத பழக்கம் தோஷ்த்துக்கு லாத்வியாவில் தொற்றியதல்ல, மாஸ்கோவிலேயே வந்தது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அது என்னை இன்றும் உறுத்துகிறது. 2022இல் உக்ரைன் போருக்கு ரஷ்யா ஆள் திரட்டியபோது, படையில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றித் தகவல் அனுப்புங்கள் என்று தோஷ்த் நேயர்களிடம் கேட்டது. டிவி-2 செய்திருக்கக்கூடிய வேலை அது. டிசம்பர் 1 அன்று நெறியாளர் அலெக்சேய் கரஸ்தெல்யோவ், தங்கள் முயற்சியால் படைவீரர்களுக்குத் தளவாட உதவியும் கிடைத்திருக்கும் என்ற பொருளில் பேசிவிட்டார். உக்ரைனில் குண்டு விழும்போது சொல்லக்கூடாத வாக்கியம், கண்டிக்க வேண்டியதுதான். சேனல் அவரை வேலையிலிருந்தே நீக்கியது. லாத்வியா சில நாளில் உரிமத்தையே ரத்து செய்தது. அடுத்த மாதம் நெதர்லாந்து உரிமம் கொடுத்தது. அங்கும் ஸ்டூடியோ விவாதங்களே பெரும்பொழுதை எடுத்துக்கொண்டன.

இந்தச் சேனல்களைப் பார்க்க உதவிய யூடியூப் 2024 கோடையில் ரஷ்யாவுக்குள் மெதுவாக்கப்பட்டது. வி.பி.என். போட்டு, தேடி வந்து பார்க்கிறவர் கிரெம்ளின் ஊகங்களைக் கேட்கவா அவ்வளவு சிரமப்படுகிறார்? வெளிநாட்டுப் பணத்தையும் பாராட்டையும் வாங்கும் சேனல்கள், அவர் ஊரிலிருந்து பெயரில்லாமல் படம் அனுப்பும் ஆட்களைத் தேடிப் பிடித்து, சரிபார்த்து, கூலி கொடுத்து, தினமும் அதை முதல் செய்தியாகப் போடட்டும். விவாதத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.