ஒரு சவ்வும் ஒரு ஏர் டிக்கெட்டும்

மருத்துவச் சுற்றுலா விளம்பரங்களை ஒரு தனி இலக்கிய வகையாகவே படிக்கலாம். சிரிக்கும் டாக்டர், ஏர்போர்ட் பிக்கப், கடலைப் பார்த்த ஓட்டல் அறை எல்லாம் இருக்கும். நோயைப் பற்றித்தான் இரண்டு வரிக்கு மேல் இருக்காது. 'இம்பெர்ஃபரேட் ஹைமன்' சிகிச்சைக்கு இது போதாது.

சில பெண் குழந்தைகளுக்கு, யோனி வாயிலில் உள்ள சவ்வில் பிறவியிலேயே துவாரம் இருக்காது. 'பொண்ணு இன்னும் உட்காரலையே' என்று வீட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அவளுக்கோ மாதாமாதம் அடிவயிறு வலிக்கும், சமயத்தில் சிறுநீர்கூட அடைத்துக்கொள்ளும். மாதவிலக்கு வராமல் இல்லை, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. மயக்கம் கொடுத்து, சவ்வைக் கீறி, தேங்கிய ரத்தத்தை வெளியேற்றும் சின்ன ஆபரேஷன் போதும். நல்ல கைனகாலஜிஸ்ட் உள்ள ஊரிலேயே முடிந்துவிடும். பாஸ்போர்ட் தேவையில்லை.

அப்புறம் எதற்கு விமானம்? ஒரு நியாயமான காரணம் உண்டு. அடைப்பு சவ்வில் இல்லாமல் இன்னும் உள்ளே குறுக்குத் தடுப்பாக இருக்கலாம், யோனியே வளராமலும் இருக்கலாம். இவற்றுக்கு எம்.ஆர்.ஐ.யும் அனுபவசாலியான சர்ஜனும் வேண்டும். உள்ளூரில் இல்லையென்றால் வெளியூர், வெளிநாடு போகத்தான் வேண்டும். விளம்பரம் முதலில் சொல்ல வேண்டிய வித்தியாசம் இது.

இன்னொரு காரணம் பயம். 'சவ்வை வெட்டினால் நாளைக்குக் கல்யாணத்தில் கேள்வி வருமே!' துருக்கியின் கோன்யா நகர டாக்டர்கள் 2007-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 65 பேருக்கு நடுவில் சின்னத் துவாரம் மட்டும் போட்டு, ஃபோலி கதீட்டர் குழாயைச் செருகி, மிச்சச் சவ்வைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் ஊராரின் சந்தேகத்துக்குச் சேவை செய்கிறது. எந்தப் பரிசோதனையாலும் கன்னித்தன்மையை நிரூபிக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

பாதிக் குற்றம் வார்த்தையின் மேல். 'கன்னித்திரை' என்று பெயர் வைத்துவிட்டோம். திரை என்றால் கிழியத்தானே வேண்டும்? ஸ்வீடனில் இதே தொல்லை இருந்தது. 2009-ல் பழைய சொல்லை ஒதுக்கி, யோனி வளையம் என்கிற மாதிரி புதுச் சொல் கொண்டுவந்தார்கள். நாமும் 'யோனிச் சவ்வு' என்று சாதாரணமாகச் சொல்லிப் பழகலாம். நாக்கு ஒன்றும் கூசாது.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் 15 வயதாகியும் மாதவிலக்கு வரவில்லையா, டாக்டரிடம் காட்டுங்கள். மாதாமாதம் வலியும் இருந்தால் வயதைப் பார்க்காமல் உடனே போங்கள். வெளிநாட்டு விளம்பரம் கைக்கு வந்தால் ஓட்டல் படத்தைத் தாண்டிப் படியுங்கள். ஸ்கேன் பார்த்து முடிவு செய்கிறார்களா? ஊர் திரும்பிய பிறகு கீறிய இடம் மறுபடி ஒட்டிக்கொண்டால் யார் பார்ப்பார்கள்? இதற்குப் பதில் இல்லாத விளம்பரத்தை மடித்து வைத்துவிடலாம்.