ஒரே நீல ஒளி, இரண்டு தட்டுகள்

2006-ஆம் ஆண்டில், வீட்டிலேயே திரைப்படத்தைத் துல்லியமாகக் காண இரண்டு புதிய ஒளித்தட்டுகள் போட்டியிட்டுச் சந்தைக்கு வந்தன. ஒன்று தோஷிபாவின் எச்.டி. டி.வி.டி.; மற்றொன்று சோனியும் கூட்டாளிகளும் உருவாக்கிய புளூ-ரே. ஒன்றுக்கென வாங்கிய கருவியில் மற்றதன் தட்டு ஓடாது. இப்பிரிவினை தேவைதானா? வாசகர்களே, சற்று ஆராய்வோம்.

இரண்டையும் படிப்பது 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரே நீல-ஊதா லேசர் ஒளிதான். பழைய டி.வி.டி.க்குப் பயன்பட்டது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளி சிறுக்கும். நெருக்கமாகப் பதிந்த குழிகளைப் படிக்க இயலும். லென்சின் குவிப்புத் திறன் கூடினாலும் புள்ளி சிறுக்கும். அத்திறனைக் குறிக்கும் எண் எச்.டி. டி.வி.டி.யில் 0.65, புளூ-ரேயில் 0.85. இவற்றின் விகிதத்தை, பரப்பைக் கருதி, வர்க்கப்படுத்திப் பாருங்கள்: ஏறத்தாழ 1.7. ஓர் அடுக்கில் அடங்கும் தகவல் முறையே 15, 25 கிகாபைட். அதன் விகிதமும் ஏறத்தாழ 1.7! எனவே வேறுபாட்டின் வேர் லென்சில்தான் உள்ளது.

குவிப்புத் திறன் மிகுந்தால், தட்டு சற்றே சாய்ந்தாலும் புள்ளி சிதையும். இதைத் தவிர்க்கப் புளூ-ரேயின் காப்புப் படலம் 0.1 மில்லிமீட்டராக மெலிந்தது. கீறலைத் தாங்கக் கடினப் பூச்சும் தேவைப்பட்டது. தோஷிபாவோ டி.வி.டி.யின் 0.6 மில்லிமீட்டரையே வைத்துக்கொண்டது. பழைய தொழிற்சாலைகளிலேயே மலிவாகச் செய்யலாம் என்பது அதன் வாதம்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அதை விற்பனைக்கு முன்பே எடைபோட்டு ஒரு முடிவுக்கு வராததே குறை. 1995-இல் அவ்வாறு நடந்தது. எதிரணிகளில் இருந்த தோஷிபாவும் சோனி-பிலிப்சும், கணினி நிறுவனங்களின் நெருக்குதலால் இணங்கி, டி.வி.டி. என்ற ஒரே தட்டைத் தந்தன. 2005-இல் மீண்டும் பேச்சு நடந்தது; உடன்பாடு ஏற்படவில்லை.

அதற்கு விலை கொடுத்தவர் யார்? 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபாவின் முதற் கருவி 499 டாலர்; ஜூனில் வந்த சாம்சங்கின் புளூ-ரே கருவி ஏறத்தாழ 1,000 டாலர். 2007 நவம்பரில் தோஷிபாவின் அடுத்த கருவி 100 டாலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் இனிப் புளூ-ரே மட்டுமே என அறிவித்தது. பிப்ரவரி 19-இல் தோஷிபா போட்டியிலிருந்து விலகியது. அதன் கருவிகள் பழுதாகவில்லை. ஆனால் அவற்றில் போட்டுப் பார்க்கப் புதிய படங்கள் வருவது நின்றது. வென்ற பக்கத்திலும் முதலில் வாங்கியவர்கள் முழுப்பயன் பெறவில்லை. தொடக்கக் காலப் புளூ-ரே கருவிகள் பலவற்றில் இணைய இணைப்பு இல்லாததால், பின்னர் வந்த தட்டுகளின் சில வசதிகள் அவற்றில் இயங்கவில்லை.

நிறுவனங்கள் தமக்குள் முடிக்க வேண்டிய சோதனை, வாங்கியவர்களின் வீட்டில், அவர்களின் பணத்தில் நடந்தது. ஒரு புதிய கருவியைக் கண்டதும் அது எப்படி இயங்குகிறது என்று கேட்பது மாணவர்க்கு இயல்பு. மற்ற நிறுவனங்களும் இந்த முறையை ஏற்றுக்கொண்டனவா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஏற்கவில்லையென்றால், சிறிது காலம் பொறுப்பதே சிக்கனம்.