நாண் ஜவ்வாகும் நாட்கள்

முழங்காலின் நடுவே சாய்வாக ஓடும் ஏசிஎல் ஜவ்வின் நீளம் ஏறக்குறைய 3 செ.மீ.தான். அதற்குள்ளேயே இரண்டு கற்றைகள். கால் மடங்கும்போது ஒன்று விறைக்கும். நீளும்போது மற்றது விறைக்கும். 1836-லேயே ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். எத்தனை முறை படம் பார்த்தாலும் இந்த முறைமாற்றம் எனக்கு அலுக்கவில்லை.

கபடி ரெய்டர் ஓட்டத்தை வெட்டித் திரும்பும்போது, யாரும் தொடாமலேகூட, 'டப்' என்று அறுவது இந்த ஜவ்வுதான். முழுதாக அறுந்தால் பழைய பிடிப்போடு தானே கூடுவது அரிது. அதனால் புதிதாக ஒன்றைப் பதிக்கிறார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சுரங்கம் குடைந்து, அதன் வழியே உடம்பின் திசுவையே கோக்கும் யோசனையை 1917-இல் பிரிட்டனின் ஹே குரோவ்ஸ் செய்துகாட்டினார். இன்றைய அறுவையின் கரு அதுவே.

அந்தத் திசு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு வியப்பு. தொடையின் பின்புறத் தசைநாணை எடுக்கும் ஹாம்ஸ்ட்ரிங் முறையில் பெரும்பாலும் அடிபட்ட காலே கொடுக்கிறது. முழங்காலுக்குக் கீழே உட்புறம் சிறு கீறல் போட்டு, வளையம் போன்ற கருவியை மேலே தள்ளினால் தொடையின் தசைநாண் நீளமாக உருவி வருகிறது. பக்கத்து மேசையில் ஒருவர் அதில் ஒட்டிய சதையைச் சுரண்டி, மடித்து, முனைகளைத் தைக்கிறார். அரை மி.மீ. வித்தியாசத்தில் அமைந்த துளைகளில் நுழைத்துத் தடிமன் அளக்கிறார். 8 மி.மீ. தேறினால் அறையில் ஒரு நிம்மதி. கிருமி அண்டாதிருக்கப் பல இடங்களில் வான்கோமைசினில் நனைத்த துணியில் சுற்றி வைக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உருவிய இடத்தில் பலருக்கு அந்த நாண் மறுபடி வளர்கிறது!

மேல் முனையைப் பொருத்தியதும், மூட்டின் உள்ளே காட்டும் ஆர்த்ராஸ்கோப் கருவியின் திரையைப் பார்த்தபடி முழங்காலைப் பலமுறை மடக்கி நீட்டித் தொய்வை எடுக்கிறார்கள். பிறகு கீழ் முனையை இழுத்துப் பிடித்துத் திருகாணி முடுக்குகிறார்கள். மிருதங்கத்தின் வாரை இழுத்துச் சுருதி சேர்க்கும் கைக்குத் தெரிகிற அளவு அது. கூடினால் கால் முழுதாக நீளாது. குறைந்தால் மூட்டு ஆடும்.

மருத்துவர் பதித்தது நாண். அதை ஜவ்வாக்குவது உடம்பு. முதல் வாரங்களில் நாணின் பழைய செல்கள் மடிகின்றன. புது ரத்தக்குழாய்கள் ஊடுருவுகின்றன, புது செல்கள் குடியேறி இழைகளைத் திருத்தி அடுக்குகின்றன. ஓராண்டைத் தாண்டியும் இந்த வேலை நடக்கும். வெளியே நடப்பதோ மிக எளிய காட்சி: முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, 'அழுத்துங்க' என்கிறார் பிசியோ. உறங்கிப்போன தொடைத்தசை ஒருநாள் மெல்லத் துடிக்கும். அந்தத் துடிப்பைவிட அழகான முன்னேற்றம் இந்தச் சிகிச்சையில் வேறில்லை என்பேன்.

சிக்கல் இங்கேதான். வலி வடிந்து, நடை சீராகி, 'சரியாப் போச்சு' என்று தோன்றும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் உள்ளே அந்த நாண் மிகவும் நலிந்திருக்கிறது. களம் திரும்புவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2016-இல் வெளியான டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு காட்டியது. ஆகவே, பயிற்சியாளர் கூப்பிட்டாலும், போட்டி நெருங்கினாலும், 9 மாதம் முடியாமல், இரு கால்களின் வலிமையும் நிகரென்று பிசியோ அளந்து சொல்லாமல், களத்தில் இறங்காதீர்கள்.