சாட்டா, வீடியோ காலா?

திருவனந்தபுரத்துக்கு வந்த தமிழருக்கு முன்பெல்லாம் மலையாளம் சொல்லிக்கொடுத்தது சாலைக் கடைத்தெரு, ஆ. மாதவன் கதைகளாக எழுதிய அதே தெரு. பேரம் பேசப் பேச மொழி வந்தது. இன்று கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்கு வரும் இளைஞருக்கு அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். மலையாளம் அவரை எட்டுவது பெரும்பாலும் போனில்: குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு, நண்பர்களின் வீடியோ கால். இரண்டில் மொழி எதில் ஒட்டுகிறது?

சாட்டுக்குச் சாதகமான சான்று பழையது, ஆனாலும் வலுவானது. பெர்க்லியில் பிரெஞ்சு பயின்ற மாணவர்களின் கணினி அரட்டையையும் வாய்ப்பேச்சையும் மொழிக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கெர்ன் 1995-இல் ஒப்பிட்டார். தட்டச்சில் அவர்கள் இரு மடங்குக்கு மேல் பங்கேற்றார்கள். இலக்கணச் சுத்தம்தான் குறைந்தது.

தமிழருக்கு இதில் கூடுதல் லாபம். மலையாள வினையில் ஏன், ஆன், ஆள் விகுதிகள் இல்லை. யார் வந்தாலும் ‘வந்நு’தான். ‘ஞான் வந்நேன்’ என்று அனுப்பியவர், அடுத்த வரியிலேயே நண்பரின் ‘ஞானும் வந்நு’வைப் பார்க்கிறார். பேச்சில் அது காற்றோடு போயிருக்கும். திரையில் மேலே தள்ளி மறுபடி படிக்கலாம்.

கோளாறு வேறிடத்தில். பலரும் தட்டுவது ஆங்கில எழுத்தில். அதில் ல, ள ஒன்றாகிவிடும். ந, ண ஒன்றாகிவிடும். தமிழர் தாய்மொழியிலேயே கைவரப்பெற்ற வேறுபாட்டை அது துடைத்துவிடுகிறது. வருஷக்கணக்கில் இப்படி அரட்டை அடித்தாலும் பஸ் பலகையைப் படிக்க வராது.

உச்சரிப்புக்கு வீடியோ மேல், சந்தேகமில்லை. தமிழின் ஒரே ‘க’வுக்கு மலையாளத்தில் நான்கு எழுத்து; அந்த ஒலிகள் பழகக் காதால் கேட்டாக வேண்டும். ஆனால் வீடியோவில் புரியாவிட்டாலும் சிரித்துத் தலையாட்டி ஒப்பேற்றிவிடலாம். சாட்டில் பதில் எழுதியாக வேண்டும். (கட்டைவிரல் படம் போட்டுத் தப்பிப்பவர்கள் எங்கும் உண்டு.)

பதிவுசெய்த பாடங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 2020 ஜூன் 1-இல் கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான கைட் விக்டர்ஸ் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ பாட ஒளிபரப்பு கொரோனா காலத்தில் பெரும் சேவை செய்தது. ஆனால் குறுக்கே கேள்வி கேட்க முடியாதது உரையாடல் ஆகாது.

ஆகவே தொடக்கத்துக்குச் சாட்டே சிறந்தது, மலையாள எழுத்தில் நடந்தால். போனின் ஜிபோர்டு விசைப்பலகையில் விரலால் வரைந்தாலே அந்த எழுத்து விழுகிறது. சாக்குச் சொல்ல இடமில்லை. எழுதத் தயக்கம் போனபின் வீடியோவுக்குப் போகலாம். ஆங்கில எழுத்திலேயே தொடரும் அரட்டையைவிடத் திக்கித் திணறும் வீடியோ கால் எவ்வளவோ மேல்.